கரென் இளைஞர்கள் நடத்தும் பாதுகாப்பு வகுப்புகள்: சண்டை ஓயாத ஊரில் அதனால் என்ன பயன்?

கேள்வி: மியான்மரில் கரென் மக்கள் வாழும் போர்ப் பகுதிகளில் இளைஞர்களே சமாதானப் பணியும் பாதுகாப்புக் கல்வியும் நடத்துகிறார்கள் என்று படித்தேன். சண்டையே நிற்காதபோது இதனால் என்ன ஆகிவிடப் போகிறது? உண்மையில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பதில்:

நியாயமான சந்தேகம். எனக்கும் இருந்தது. தாய்லாந்து எல்லையில் மே சோட் ஊரில் இரண்டு வருடம் தங்கி, அகதி முகாம் பள்ளி ஆசிரியர்களுக்கு உதவும் சின்ன அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தேன். அந்தச் சந்தேகம் ஒரு சனிக்கிழமை காலையில் போயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முகாம் பள்ளியில் அன்று கண்ணிவெடி வகுப்பு. எடுத்தது இருபது வயதைத் தொடாத ஒரு பெண். கரென் மொழியில் ஆசிரியையைத் 'தராமூ' என்பார்கள். தன்னைவிட ஆறேழு வயதே சின்னவர்களான பிள்ளைகளும் அவளைத் தராமூ என்றே கூப்பிட்டார்கள். எதிரே முப்பது பிள்ளைகள், எல்லாரும் விடுமுறைக்கு எல்லை தாண்டிச் சொந்த ஊருக்குப் போகப் போகிறவர்கள். அவள் படம் காட்டவில்லை, எச்சரிக்கை எதுவும் செய்யவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்கள் ஊரை வரையுங்கள்" என்றாள். ஆறு, கிறிஸ்தவக் கோயில் அல்லது புத்த மடம், பள்ளிக்கூடம், மாடு மேயும் இடம், பாட்டி வீடு. வரைந்து முடித்ததும் சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, பெரியவர்கள் போகக்கூடாது என்று சொன்ன இடங்களில் சிவப்புத் தீட்டச் சொன்னாள்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து பாக்குத் தோப்புக்குப் போகும் பாதை முழுவதையும் சிவப்பாக்கி வைத்திருந்தான். "அப்படியானால் தோப்புக்கு யாரும் போவதில்லையா?" என்று கேட்டாள். "பாட்டி தினமும் போவாங்க" என்றான். "பயமில்லையா அவங்களுக்கு?" "பாட்டிக்கு எங்கே கால் வைக்கணும் என்று தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று நாலு பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான்.

கண்ணிவெடி விழிப்புணர்வு என்றால், ஆபத்து தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்துவது என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே ஆபத்து தெரியாதவர் யாருமில்லை. தெரிந்தேதான் போகிறார்கள். பாக்கு விற்காவிட்டால் அரிசி இல்லை. மழைக்காலத்தில் மூங்கில் குருத்து ஒடிக்கப் போகாவிட்டால் குழம்புக்கு ஒன்றுமில்லை. அதனால் வகுப்பு எடுப்பவள் "போகாதே" என்பதோடு நிறுத்த முடியாது. எந்த வழியாகப் போவது, யாரோடு போவது, போவதற்கு முன் யாரிடம் கேட்பது, கேட்டால் அவர் சொல்வாரா என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்து நிற்கும்போது பாதுகாப்புக் கல்வி சமாதான வேலையாகிவிடுகிறது. உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான். இந்த இரண்டு வேலைகளையும் அங்கே பிரிக்க முடியாது.

சரி, கொஞ்சம் பின்னணி. கரென் மக்கள் மியான்மரின் தென்கிழக்கு மலைகளிலும் ஐராவதி டெல்டாவிலும் வாழ்கிறவர்கள். ஸ்கா, ப்வோ என்று இரண்டு பெரிய மொழிப் பிரிவுகள். பெரும்பாலோர் பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு, முன்னோர் வழிபாட்டை விடாதவர்களும் இருக்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலம் முற்றிலும் அந்நியமானதல்ல. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் ஆட்கள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்களே, அந்தப் பாதை பர்மாவுக்குள் நுழைந்த மூன்று பகோடா கணவாய் இருப்பது கரென் மாநிலத்தின் ஓரத்தில்தான். 2022-இல் வேலை மோசடியில் மாட்டிய தமிழக இளைஞர்களை மீட்டார்களே, அந்த மியாவடியும் கரென் மாநிலத்து ஊர். மே சோட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது, நடுவில் மோய் ஆறு மட்டும்.

கரென் மக்களுக்காக ஆயுதமேந்திப் போராடும் அரசியல் அமைப்பான கரென் தேசிய ஒன்றியம் 1947-இல் தொடங்கியது. பர்மா சுதந்திரம் அடைந்த மறு வருடம், 1949 ஜனவரியில் போர் மூண்டது. அன்றிலிருந்து இடைவெளி விட்டு விட்டு நடந்துகொண்டே இருக்கிறது. 1960-களில் ராணுவம் 'நான்கு வெட்டு' என்ற உத்தியைக் கொண்டுவந்தது. போராளிகளுக்குச் சோறு, பணம், தகவல், ஆள் என நான்கும் ஊர்களிலிருந்து போகாமல் வெட்டுவது அதன் நோக்கம். நடைமுறையில் ஊர்களை எரித்தார்கள், நெல் களஞ்சியங்களை அழித்தார்கள், மக்களைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தார்கள். 1984-இல் தொடங்கிய மே லா முகாம் இன்றும் இருக்கிறது. எல்லையிலுள்ள ஒன்பது முகாம்களில் அதுவே பெரியது. அங்கே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டு.

சமாதான வேலையைப் புரிந்துகொள்ள இன்னொரு காயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1994 டிசம்பரில் கரென் படைக்குள்ளேயே பிளவு வந்தது. தலைமை கிறிஸ்தவர்கள் கையில் இருக்கிறது என்ற மனக்குறையோடு பௌத்த வீரர்கள் பலர் பிரிந்து தனிப் படை அமைத்தார்கள். அடுத்த மாதமே அவர்கள் துணையோடு அரசு ராணுவம் மனர்ப்ளாவ் தலைமையகத்தைப் பிடித்தது. பின்னர் அந்தப் பிரிவில் பெரும்பகுதி ராணுவத்தின் கீழ் எல்லைக் காவல் படையாக மாறியது. ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு கொடிகள். அண்ணன் ஒரு படையில், தம்பி வேறு படையில். இப்படிப்பட்ட ஊர்களில் சமாதானம் என்ற சொல்லை வாயிலிருந்து எடுப்பதற்கே யோசிக்க வேண்டும்.

அந்தச் சொல்மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 2012 ஜனவரியில் முதற்கட்டப் போர்நிறுத்தம் வந்தது. 2015 அக்டோபரில் நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கரென் தேசிய ஒன்றியம் உட்பட எட்டு அமைப்புகள் கையெழுத்திட்டன. அதே வருட டிசம்பரில்தான் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2250-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, இளைஞர்களுக்குச் சமாதான முயற்சியில் இடம் வேண்டும் என்றது. ஹோட்டல்களில் பயிலரங்குகள், சான்றிதழ்கள், குழுப் படங்கள் என எல்லாம் நடந்தன. 2018-இல் முத்ரா மாவட்டத்தில், வெளியே பாப்புன் என்று அறியப்படும் பகுதியில், ராணுவம் நூற்றுக்கணக்கில் ஆட்களை இறக்கிச் சாலை போட வந்தது. மறுபடியும் ஊர் ஊராக ஜனங்கள் காட்டுக்கு ஓடினார்கள். ஒப்பந்தம் அப்போது செல்லுபடியில்தான் இருந்தது. 2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு மிச்சமிருந்ததும் போயிற்று. அந்த மார்ச் 27 இரவு டே பு நோ கிராமத்தின்மீது விமானங்கள் குண்டு போட்டன. இருபது வருடத்துக்கும் மேலாக அந்தப் பகுதி பார்த்திராத தாக்குதல் அது. அடுத்த சில நாட்களில் சுமார் மூவாயிரம் பேர் சால்வீன் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குள் போனார்கள், போன வேகத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் ஊருக்குள் போய் "சமாதானம் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்றால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? "பிள்ளைகளுக்குக் கண்ணிவெடி பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றால் பாதிரியாரும் கோயிலைத் திறந்துவிடுகிறார், பிக்குவும் மடத்தின் கூடத்தைக் கொடுக்கிறார். மிதித்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கண்ணிவெடி பார்ப்பதில்லை. எல்லா வீட்டு வாசலும் திறக்கும் ஒரே பேச்சு அதுதான்.

இலங்கைத் தமிழில் இதை மிதிவெடி என்பார்கள். கரென் பகுதிக்கு அந்தச் சொல்தான் இன்னும் பொருத்தம். அங்கே பெரும்பாலும் புதைத்திருப்பது காலால் மிதித்ததும் வெடிக்கும் சின்ன வகை. எம்14 என்ற அமெரிக்க மாதிரியை மியான்மர் ராணுவத் தொழிற்சாலையிலேயே நகலெடுத்துச் செய்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, நூறு கிராம் எடைதான். உலோகம் ஏறக்குறைய இல்லாததால் கருவியால் கண்டுபிடிப்பது கடினம், மழைவெள்ளம் இடம் மாற்றிவிடும். ஆளைக் கொல்லாமல் பாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதற்காகவே வடிவமைத்தது. கரென் படைகளும் மூங்கில், குழாய், பேட்டரி வைத்துச் சொந்தமாகச் செய்து புதைத்திருக்கின்றன. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை, அங்கே வகுப்பு எடுக்கும் பிள்ளைகளும் மறைப்பதில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் மியான்மர் சேரவில்லை. 2023-இல் கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் மியான்மரில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரம் பேருக்கு மேல். அந்த வருடம் உலகத்திலேயே அதிக எண்ணிக்கை அங்கேதான்.

முறையாக வெடிகளை அகற்றும் வேலை கரென் பகுதியில் நடக்கவில்லை. போர் நடக்கும் இடத்தில் அதற்கு வழியும் இல்லை. ஆகவே கையில் இருக்கும் ஒரே ஆயுதம் தகவல். எங்கே புதைத்தார்கள் என்பது புதைத்தவருக்குத்தான் தெரியும். வரைபடம் பெரும்பாலும் கிடையாது. புதைத்த சிப்பாய் செத்திருப்பான், அல்லது வேறு இடத்துக்கு மாற்றிப் போயிருப்பான். மிச்சம் இருப்பவர்களிடம் கேட்டாக வேண்டும்.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதைத் தன்னார்வலர் ஒருவர் சொன்னார். இருபத்துமூன்று வயது, ப்வோ பேசுகிறவர், ஊருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் கெட்டிக்காரர். "நீங்கள் எங்கே வைத்தீர்கள்" என்று தளபதியிடம் கேட்டால் வேவு பார்க்க வந்தவன் என்று ஆகிவிடும். எனவே தனியாகப் போவதில்லை. ஊர்த்தலைவர், ஒரு வயதான அம்மா, அப்புறம் இவர், மூவருமாகப் போவார்கள். வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, மாட்டைப் பற்றிப் பேசுவார்கள். கடைசியில் அந்த அம்மா கேட்பார்: "தம்பி, எங்கள் மாடு அந்த மேட்டுப் பக்கம் போய்விடுகிறது. எதுவரைக்கும் விடலாம்?" தளபதி யோசிப்பார். "ஓடைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்பார். அவ்வளவுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் என்ற அந்த ஒரு வரி கிடைக்க மூன்று தடவை போக வேண்டியிருந்ததாம். திரும்பி வந்து, மூங்கிலைக் குறுக்கே கட்டி அடையாளம் வைத்தார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊருக்குப் போய் அங்கேயும் சொன்னார்கள். அந்த ஊர் வேறு படையின் கீழ் இருப்பது. பல வருடமாகக் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போக்குவரத்து இல்லாத ஊர்.

இதைவிடப் பெரிய சமாதானப் பேச்சு அந்தப் பள்ளத்தாக்கில் அந்த வருடம் நடக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஒப்பந்தம் இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு ஊருக்குப் போய் "உங்கள் பிள்ளைகளும் ஓடைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்று ஒரு இளைஞன் சொல்லிவிட்டு வருகிறான். அடுத்த தடவை அந்த ஊர்க்காரர்கள் இவனுக்கு ஒரு தகவல் சொல்வார்கள்.

இளைஞர்கள் என்பதால் இதில் ஒரு சௌகரியமும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. 1994 பிளவின்போது இவர்கள் பிறக்கவில்லை. அந்தப் பழைய கோபம் இவர்களுக்குக் கேள்விப்பட்டதே தவிரப் பட்டதல்ல. கரென் மாணவர், இளைஞர் அமைப்புகளில் இரு மதத்துப் பிள்ளைகளும் கலந்து பழகியிருக்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், கரென் சமூகம் வயதுக்கு மரியாதை கொடுக்கும் சமூகம். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் சின்னவர்கள் எழுந்து பேசினால் முகம் சுளிப்பார்கள். அதிலும் பெண் பிள்ளை என்றால் இன்னும் கடினம். அதனால் பேச்சாகச் சொல்ல முடியாததை ஆட்டமாகச் சொல்கிறார்கள். கரென் மக்களுக்கு டோன் என்று ஒரு கூட்டு நடனம் உண்டு. வரிசை வரிசையாக நின்று ஆடுவது, ஊர் ஒழுக்கத்தைப் பாட்டில் சொல்வது. டோன் என்ற சொல்லுக்கே 'ஒத்துப்போதல்' என்று பொருள். புத்தாண்டு விழாவில் அந்தப் பாட்டுக்குள் நாலு வரியைச் சேர்த்து, தெரியாத பொருளைத் தொடாதே, கண்டால் வந்து சொல் என்று பாடினால் பெரியவர்கள் தாளம் போட்டுக் கேட்பார்கள்.

வகுப்பில் சொல்லும் விஷயங்கள் எளிமையானவை. பழக்கமில்லாத பாதையில் போகாதே. மின்னுகிற, வித்தியாசமான எதையும் எடுக்காதே, கல்லால் அடித்தும் பார்க்காதே. குறுக்கே கட்டிய மூங்கிலைக் கண்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. வெடி இருக்கும் இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் அங்கேயே நில், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. கடைசியாகச் சொல்வதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம்: நண்பன் மிதித்துவிட்டால் ஓடிப் போய்த் தூக்காதே. இதை அந்தத் தராமூ சொன்னபோது ஒரு சிறுமி கையைத் தூக்கி, "தங்கச்சியாக இருந்தால்?" என்று கேட்டாள். தராமூ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தங்கச்சியாக இருந்தாலும் நீ நின்ற இடத்திலிருந்து பேசிக்கொண்டே இரு, அவள் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், பெரியவர்கள் வரும்வரை" என்றாள். எந்தக் கையேட்டிலும் நான் இதைப் படித்ததில்லை.

யானைக் கதையும் சொல்வார்கள். 1999-இல் எல்லைக் காட்டில் மரம் இழுக்கப் போன மோட்டாலா என்ற யானை கண்ணிவெடி மிதித்து முன்காலை இழந்தது. தாய்லாந்தில் லம்பாங் யானை மருத்துவமனையில் அதற்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். மோஷா என்ற குட்டி யானைக்கும் அப்படியே. முகாம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேரும் சொந்தக்காரர் மாதிரி. மனிதர்கள் விஷயத்துக்கு வந்தால், மே சோட்டில் கரென் மருத்துவர் சிந்தியா மாவுங் 1989-இல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களிலேயே கால் இழந்தவர்கள் உண்டு. தனக்குப் பொருத்திய காலோடு நின்றுகொண்டு அடுத்தவருக்குக் கால் செதுக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் வகுப்புக்கு வந்து பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினால் பிறகு பாடம் தேவையில்லை. ஆனால் அவரை வெறும் எச்சரிக்கைப் பலகையாக ஆக்கிவிடக்கூடாது. நல்ல பயிற்சியாளர்கள் அவரையே வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், காட்சிப் பொருளாக நிறுத்தமாட்டார்கள்.

2021-க்குப் பிறகு பாதுகாப்புப் பாடத்தில் பாதி வானத்தைப் பற்றியது ஆகிவிட்டது. பள்ளிக்குப் பக்கத்தில் பதுங்குகுழி வெட்டுவது இப்போது பள்ளிக் கட்டுமானத்தின் பகுதி. விமானம் கிளம்பியது என்று வாக்கி டாக்கியில் சேதி வரும். எத்தனை விநாடியில் குழிக்குள் இருக்க வேண்டும் என்று பயிற்சி. சின்னப் பிள்ளைகளை யார் தூக்குவது, யார் கடைசியில் எண்ணுவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறார்கள். வெள்ளைத் துணியை வெளியே காயப்போடாதே, இரவில் அடுப்பு நெருப்பு தெரியக்கூடாது, தரையோடு படுத்துக் காதைப் பொத்து, வாயைத் திறந்து வை. இதெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பாடம். 2023 ஜனவரி 12 அன்று முத்ராவில் லே வா கிராமத்தில் குண்டு விழுந்து இரண்டு தேவாலயங்களும் பள்ளிக்கூடமும் சிதைந்தன. ஐந்து பேர் இறந்தார்கள், அதில் ஒரு தாயும் இரண்டு வயது மகளும். பள்ளிக்கூடம் கட்டடமாகத் தெரியவே கூடாது என்று மரத்தடிக்கும் ஓடைக்கரைக்கும் வகுப்பை மாற்றிக்கொண்ட ஊர்கள் உண்டு.

பயத்தை என்ன செய்வது என்பதில் கரென் மரபே ஒரு வழி வைத்திருக்கிறது. உடம்புக்குள் 'கலா' என்ற உயிர்ச்சக்தி உண்டு, கடும் பயம் வந்தால் அது உடம்பை விட்டு ஓடிவிடும் என்பது நம்பிக்கை. ஆகஸ்ட் மாதம் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு நடக்கும். சோற்று உருண்டை, வாழைப்பழம், கரும்பு, குளிர்ந்த நீர் எல்லாம் வைத்து, ஓடிப்போன கலாவை 'வா, வீட்டுக்குத் திரும்பி வா' என்று பெரியவர்கள் அழைத்து நூல் கட்டுவார்கள். நம் ஊரில் பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த மன நலப் பயிற்சிகள் பலவற்றை மக்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள். இளைஞர் குழுக்கள் நூல் கட்டும் நாளோடு சேர்த்து, குண்டுவீச்சுக்குப் பிறகு தூங்க முடியாத பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச வைத்தபோது பிள்ளைகள் பேசினார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலர் இதில் கலந்துகொள்வதில்லை. அவர்களுக்கு வேறு நாளில் ஜெபத்தோடு வைக்கிறார்கள். அந்த அனுசரணையும் சமாதான வேலைதான்.

பெரிய அளவில் நடந்த ஒரு முயற்சியையும் சொல்லவேண்டும். 2018 டிசம்பரில் முத்ரா மாவட்டத்தில் சால்வீன் சமாதானப் பூங்காவை மக்களே அறிவித்தார்கள். சுமார் 5,485 சதுர கிலோமீட்டர் காடும் வயலும் ஆறும். பூங்கா என்றதும் வேலி போட்ட இடம் என்று நினைக்க வேண்டாம். 'காவ்' என்ற பழைய கரென் நில முறைப்படி எந்த ஊர் எந்தக் காட்டை எப்படிப் பயன்படுத்தும் என்று மக்களே விதி எழுதிக்கொண்ட பகுதி அது. அந்த முயற்சியில் முன்னின்ற பால் செயின் த்வாவுக்கு 2020-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அங்கே ஊர் எல்லைகளை அளந்து, கணினியில் வரைபடமாக்கியதில் இளைஞர்களின் பங்கு பெரிது. பெரியவர் காட்டைக் காட்டிக்கொண்டு நடப்பார், பேரன் ஜிபிஎஸ் கருவியோடு பின்னால் நடப்பான். தராமூவின் சிவப்புப் பென்சில் படத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஒன்று எங்கே கால் வைக்கக்கூடாது என்று குறிக்கிறது, மற்றது இது எங்கள் மண் என்று குறிக்கிறது. குண்டு விழுந்த டே பு நோ இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. இதனால் போர் நிற்குமா? நிற்காது. வகுப்பு எடுத்த பிள்ளைகளிலேயே சிலர் பிறகு துப்பாக்கி எடுத்துப் போயிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ராணுவ ஆட்சி கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆண்கள் 18 முதல் 35 வயதுவரை, பெண்கள் 18 முதல் 27 வரை. அதாவது இந்த வேலையைச் செய்கிற வயதுக்காரர்கள் அத்தனை பேரும். அதற்குப் பிறகு நகரங்களிலிருந்து பிள்ளைகள் எல்லைக்கு ஓடிவந்தார்கள். சிலர் தாய்லாந்துக்குள் கூலிவேலைக்குப் போனார்கள், சிலர் கரென் படைப் பகுதிக்குள். துப்பாக்கி எடுத்தவனைச் சமாதானத்துக்கு எதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் ஊர் எரிவதைப் பார்த்தவனிடம் வெளியாள் நான் போய் அதைச் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கி எடுத்தவனிடம் "எங்கே வெடி வைத்தாய், யாருக்காவது சொன்னாயா" என்று கேட்கக்கூடியவள் அவனோடு ஒரே பெஞ்சில் படித்த தராமூ மட்டும்தான். படைகளுக்குள் அந்தக் கேள்வி போய்ச் சேர்வதற்கு எனக்குத் தெரிந்து வேறு பாதை இல்லை.

இந்த வேலையில் குறைகளும் நிறைய. பயிற்சி கொடுத்துத் தேர்ந்த பிள்ளைகள் இரண்டு வருடத்தில் பாங்காக்கோ, அகதிகளைக் குடியேற்றும் வேறு நாட்டுக்கோ போய்விடுகிறார்கள். போகாதே என்று யார் சொல்வது? நன்கொடையாளர்களுக்கு எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும். அந்தப் பாட்டி இப்போது எந்தப் பாதையில் தோப்புக்குப் போகிறாள் என்பதை எழுத அறிக்கையில் இடமில்லை. ஒரே ஊருக்கு மூன்று அமைப்புகள் மூன்று விதமான சுவரொட்டி கொடுத்த கதையும் உண்டு, அதில் ஒன்று அந்த ஊர்க்காரர்கள் படிக்காத பர்மிய மொழியில். மலைக்குப் பின்னாலிருக்கும் ஊர்களுக்கு மழைக்காலத்தில் யாருமே போவதில்லை. வெடி மிதித்தவரை ஊஞ்சல் துணியில் கிடத்தி மூங்கிலில் கட்டி மணிக்கணக்கில் தூக்கி வருகிற இடங்கள் அவை. உண்மையில் வகுப்பு முதலில் போகவேண்டிய இடமும் அதுதான்.

2025 எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடி. அமெரிக்க உதவி நின்றதும் முகாம் மருத்துவமனைகள் மூடின. ஜூலையோடு பெரும்பாலான குடும்பங்களுக்கு உணவு உதவியும் நின்றது. ஆகஸ்டில் தாய்லாந்து அரசு, முகாம் அகதிகள் வெளியே போய்ச் சட்டப்படி வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தது. நாற்பது வருடத்தில் பெரிய மாற்றம் அது. முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கம்பிவேலிக்கு வெளியே சட்டப்படி கூலி வாங்கிய முதல் அனுபவம். அதன் கூடவே, சனிக்கிழமை வகுப்பு எடுக்கவேண்டிய கைகள் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டன.

அந்தத் தராமூவோடு இப்போதும் எப்போதாவது செய்தி பரிமாறிக்கொள்கிறேன். அவளுக்குக் கிடைத்துவந்த சின்ன மாதப்படி நின்றுவிட்டது. வாரத்தில் ஆறு நாள் மக்காச்சோளக் காட்டில் வேலை. வகுப்பை ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு மாற்றி வைத்திருக்கிறாள். மடத்துப் பிள்ளைகளும் வருவதால் கோயிலுக்குள் வைக்காமல் வெளியே மாமரத்தடியில் வைக்கிறாளாம். கலர் பென்சில் தீர்ந்துவிட்டது என்றும், சிவப்புக்குப் பதில் செங்கல் துண்டை வைத்து வரையச் சொல்கிறேன் என்றும் போன மாதம் எழுதியிருந்தாள். பாக்குத் தோப்புப் பையனைப் பற்றிக் கேட்டேன். விடுமுறைக்குப் போய்விட்டு வந்தானாம், பாட்டி நடக்கும் பாதையைத் தாளின் இரண்டு பக்கமும் வரைந்து கொண்டுவந்து கொடுத்தானாம், எந்தக் கல்லுக்கு அப்புறம் எந்த மரம் என்று வரிசையாக.